உண்டிக்கதவு பாவாடை

செஞ்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து திருவண்ணாமலை ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்தால், பஞ்சர் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் ஒற்றை ஷட்டர் போட்ட கடை ஒன்று இருக்கிறது. போர்டு கிடையாது. உள்ளே சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இரும்புக் கதவுகள் ஆணியில் தொங்குகின்றன. ஒவ்வொன்றிலும் காசு போடும் துளை ஒன்றோ இரண்டோ இருக்கும், பக்கத்தில் ஒரு பட்டன், கீழே காசு திரும்பி வந்து விழ ஒரு கிண்ணம். கரண்ட் மீட்டர் பெட்டிக்குக் கதவு வேண்டும் என்று வாரத்துக்கு ஒருவராவது உள்ளே நுழைவார். இல்லை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு வேலையைப் பார்க்கப் பாவாடைக்குத் தெரியாது. இது எந்த மெஷினில் இருந்த கதவு, எப்படிக் கிடந்தது, இப்போது யார் வீட்டுக்குப் போகிறது என்று முழுக் கதையையும் சொல்லிவிட்டுத்தான் வந்தவரை அனுப்புவார்.

அந்தக் கதை இதுதான். காசு போட்டு நின்றுகொண்டே ஆடும் வீடியோ கேம் மெஷினை இப்போது ஆட்கள் வீட்டிலேயே செய்து வைத்துக்கொள்கிறார்கள். சென்னை, கோயம்புத்தூர், பெங்களூர் என்று பெரிய ஊரில் நல்ல சம்பளத்தில் இருக்கிறவர்கள். பிளைவுட்டில் ஆளுயரப் பெட்டி, உள்ளே ஒரு டிவி, ஒரு சின்ன போர்டு, வெளியே ஆட்டுவதற்குக் கைப்பிடி, ஏழெட்டுப் பட்டன். சொந்த வீட்டில் ஆடுவதற்குக் காசு எதற்கு? தேவையே இல்லைதான். ஆனால் அந்த இரும்புக் கதவு முன்னால் இல்லாவிட்டால் பெட்டி துணி அலமாரி மாதிரி இருக்கிறதாம். அதனால் மூடிப்போன கேம் கடைகளிலிருந்து உடைத்தெடுத்த கதவுகளைத் தேடி வாங்கி, துரு எடுத்து, நெளிவு தட்டி, பூட்டு மாற்றிக் கொடுக்க ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. அந்த ஆள் செஞ்சியில் உட்கார்ந்திருப்பார் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. அவர்கள் அதைக் காயின் டோர் என்பார்கள். பாவாடை உண்டிக்கதவு என்பார். கடைத்தெருவும் அவருக்கு அதையே பட்டப்பெயராக வைத்துவிட்டது.

சிங்கவரம் காலனியில் பிறந்தவர். மேல்மலையனூரில் பாவாடைராயனுக்கு நேர்ந்துகொண்டு பெற்றதால் அந்தப் பெயர். போனில் சென்னைக்காரர்கள் பெயரைக் கேட்டதும் ஒரு நொடி பேச்சு வராமல் நிற்பார்கள். "சிரிச்சிட்டு வா சார், நான் லைன்ல இருக்குறேன்" என்பார் இவர். ஐ.டி.ஐ. படித்துவிட்டு, ஒரு ரூபாய் போட்டுப் பேசும் போன் பெட்டி ஊரெல்லாம் தொங்கிய காலத்தில், செஞ்சி தாலுகா முழுவதும் அந்தப் பெட்டிகளைச் சரிசெய்து திரிந்தார். காசு உள்ளே எப்படி நடக்கிறது, எங்கே தடுக்கி நிற்கிறது, எதைக் கண்டால் பெட்டி துப்பிவிடுகிறது என்பதெல்லாம் அங்கே படித்த பாடம். எல்லார் கையிலும் செல்போன் வந்து போன் பெட்டிகள் போனபோது அவர் ஒன்றும் உட்கார்ந்து அழவில்லை. காசு போகிற ஓட்டை உலகத்தில் வேறு எங்காவது இருக்கும் என்றார், இருந்தது.

அவரிடம் வேலை கொடுப்பது சுலபமில்லை. பலகையில் முதலில் ஓட்டை அறுத்துவிட்டு, அதற்குப் பொருந்துகிற மாதிரி கதவு கேட்பவர்களைக் கண்டால் ஆகாது. கதவை முதலில் எடு, அளந்து பார், அப்புறம் அறு என்று நூறு தடவை சொல்லியிருக்கிறார், யார் கேட்கிறார்கள். வெளிநாட்டுக் கதவில் காந்தம் ஒன்று உள்ளே இருக்கும், கள்ளக்காசைப் பிடித்து நிறுத்துவதற்கு. நம் ஒரு ரூபாயும் ரெண்டு ரூபாயும் காந்தத்தில் ஒட்டுகிற ஜாதி உலோகம். காந்தத்தைக் கழற்றாமல் மாட்டிவிட்டு, உன் கதவு காசைத் தின்கிறது என்று சண்டைக்கு வருபவர்களிடம் அவர் பேசுகிற பேச்சை இங்கே எழுத முடியாது.

இன்னொரு பிடிவாதமும் உண்டு. பணமோ பொருளோ, அவரிடம் கொடுப்பதைக் கையில் கொடுக்க வேண்டும். மேஜைமேல் வைத்தால் தொடமாட்டார். பஞ்சர் கடைக்காரர் ஒருநாள் மறதியாக ஸ்பேனரை வாசல்படியில் வைத்துவிட்டுப் போக, அது மூன்று நாள் அங்கேயே கிடந்தது. பாவாடையின் மனைவி சின்னப்பொண்ணு, நூறு நாள் வேலைக்குப் போகிறவர், சாயங்காலம் இவர் சைக்கிளை நிறுத்தும்போதே கேட்பார்: "இன்னா, இன்னிக்கி கையில குடுத்தாங்களா, மேல போட்டாங்களா?" வீட்டில் அது ஒரு கிண்டல். கிண்டலானது பிற்பாடுதான்.

அதன் தொடக்கம் பஜாரில் இருக்கும் வெங்கடரமணனின் ஹார்டுவேர் கடை. அந்தக் கடை வாசலிலும் ஒரு போன் பெட்டி இருந்தது. அதைச் சரிசெய்யப் போகும்போதெல்லாம் பாவாடை அங்கேயே ஸ்க்ரூவும் வாஷரும் வாங்குவார். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் வெங்கடரமணன் மற்றவர்களுக்கு மீதிச் சில்லறையைக் கையில் கொடுப்பார். காலனி ஆட்கள் வந்தால் கல்லா மேலே இருக்கும் கண்ணாடியில் போடுவார். போடுவது என்றால் வைப்பதுகூட இல்லை, ஒரு சாண் உயரத்திலிருந்து விடுவது. காசு கண்ணாடியில் விழுந்து சுழன்று நிற்கும், இவர் பொறுக்கிக்கொள்ள வேண்டும். வெங்கடரமணன் திட்டமாட்டார், முறைக்கமாட்டார், சிரித்த முகமாகவே செய்வார். ஆறு வருஷம் பொறுக்கிய பாவாடைக்கு ஏழாம் வருஷம் ஒருநாள் கை நீளவில்லை. கையில் கொடுங்கள் என்றார். வெங்கடரமணன் நிமிர்ந்து பார்த்து, "ஏன், வச்சா எடுக்க மாட்டியா?" என்று கேட்டார். எடுக்கமாட்டேன் என்று பாவாடை சொல்லவில்லை, எடுக்காமல் வந்துவிட்டார். பதினாறு வருஷம் ஆகிறது. அந்தக் கடையில் அதற்குப் பிறகு ஒரு ஆணிகூட வாங்கவில்லை. பஜாரில் வேறு எங்கும் கிடைக்காத அளவென்றால் அனந்தபுரம் வரைக்கும் பஸ் ஏறிப் போயிருக்கிறார்.

போன சித்திரையில் இளமாறன் கடைக்கு வந்தான். வெங்கடரமணனின் மகன், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. இப்போது வீட்டிலிருந்தே வேலை செய்கிறான், ஏனென்றால் அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து நாலு மாசம். வலது கை, வலது கால். கால் ஓரளவு வந்துவிட்டது. கை வரவில்லை, மடிமேல் கிடக்கிறது. ஆறு மாசத்துக்குள் எவ்வளவு வேலை வாங்குகிறோமோ அவ்வளவுதான், அப்புறம் கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிசியோ ஆள் ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னால், நான் என்ன குழந்தையா என்று இடது கையால் தூக்கி எறிகிறாராம். அதனால் இளமாறன் ஒரு கேம் மெஷின் செய்து கொண்டுவந்து ஹாலில் நிறுத்தியிருக்கிறான். செங்கல் உடைக்கிற ஆட்டம் அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. ஆனால் அதையும் இடது கையாலேயே ஆடுகிறார். வலது கை அப்படியே கிடக்கிறது.

இவன் வந்தது கைக்காக இல்லை. தச்சர் முழங்கால் உயரத்தில் ஓட்டை அறுத்து வைத்திருக்கிறார், அதை மூட அழகாக ஒரு கதவு வேண்டும். சும்மா பார்வைக்குத்தான், காசு வேலையெல்லாம் வேண்டாம் என்றான்.

பேச்சில்தான் அவன் யார் மகன் என்று பாவாடைக்குத் தெரிந்தது. கதவு எதுவும் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். சுவர் முழுக்கக் கதவுகளை மாட்டிவைத்துக்கொண்டு அப்படிச் சொன்னால் அவருக்கே சிரிப்பு வந்திருக்கும். அதற்குப் பதிலாக அவர் வாயில் வேறொன்று வந்தது.

"தம்பி, உங்க நைனா கல்லாவுல எந்தக் கையால காசு குடுப்பாரு?"

வலது கையால்தான் என்றான் இளமாறன். இடது கையால் கொடுத்தாரா எப்போதாவது என்று மறுபடி கேட்டார். அவன் யோசித்தான். காசை இடது கையால் கொடுப்பதும் வாங்குவதும் லட்சுமிக்கு ஆகாது என்று அவன் அப்பா கடைப் பையன்களைக்கூடத் திட்டுவார். யோசிக்க யோசிக்க அவன் முகம் மாறியது. நாலு மாசமாக நைனா யாருக்கும் ஒரு காசு கொடுக்கவில்லை, பர்ஸைத் தொடக்கூட இல்லை என்றான். பால்காரனுக்கும் அம்மாதான் எடுத்துக் கொடுக்கிறாள், உடம்பு முடியாததால் என்று நினைத்துக்கொண்டிருந்தோம் என்றான்.

"பார்வைக்கு வோணாம். நெசமான கதவா போடு," என்றார் பாவாடை. "காசு வுழுந்தாத்தான் ஆட்டம் வரணும். அந்தக் கை வேற எதுக்கும் வராது, காசுக்கு வரும்."

இதைச் சொல்லிவிட்டு, நாளைக்கு வா என்று அவனை அனுப்பிவிட்டார். அவருக்கே தன்மேல் எரிச்சலாக இருந்தது. அந்தக் கையை ஆறு வருஷம் பார்த்துப் பார்த்துப் படித்திருக்கிறோம், பெற்ற பிள்ளைக்குத் தெரியாதது நமக்குத் தெரிகிறது, என்ன பிழைப்பு இது என்று நினைத்துக்கொண்டே சைக்கிளை மிதித்தார்.

சின்னப்பொண்ணு முழுக்கக் கேட்டார். அடுப்பிலிருந்த குழம்பை இறக்கி வைத்துவிட்டுத்தான் பேசினார்.

"அந்தக் கை நல்லாயி இன்னா பண்ணப் போவுது? மறுபடியும் கண்ணாடி மேலதான் போடும்."

"போடட்டும். நான் எடுக்க மாட்டேன்."

"அப்ப இன்னாத்துக்குச் செய்யிற?"

வேலை நல்ல வேலையாக இருக்கிறது என்றார் பாவாடை. அது பொய்யில்லை. இதுவரை அவர் செய்த கதவெல்லாம் அழகுக்குப் போனவை. காசு போட்டே ஆகவேண்டிய வீட்டுக்கு ஒரு கதவு என்பது இதுதான் முதல் தடவை. அதோடு, கிடக்கிற கையைப் பார்த்துச் சந்தோஷப்பட அவருக்கு மனசு வரவில்லை. வரும் என்றுதான் பதினாறு வருஷமாக நினைத்திருந்தார்.

மறுநாள் மூன்று கதவுகளைத் தரையில் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதலாவது மேலும் கீழும் இரண்டு அடுக்காகத் திறக்கும் பெரிய கதவு. கம்பீரமான சாமான், ஆனால் கனம், பெட்டியின் அடியில்தான் வைக்க முடியும். நாற்காலியில் உட்காரும் ஆள் குனிய வேண்டும். வேண்டாம். இரண்டாவது வெளிநாட்டுக் கதவு, இரட்டைத் துளை, கேட்பவர்கள் எல்லாம் முதலில் கைவைப்பது அதன்மேல்தான். துளை நூல் போல ஒடுக்கமாக இருக்கும், நடுங்கும் கையால் அதற்குள் காசை நுழைக்க முடியாது. அதுவும் வேண்டாம். மூன்றாவது பார்க்கவே சகிக்காது. பெயின்ட் உரிந்து, உதைபட்டு நடுவில் குழி விழுந்த ஒற்றைத் துளைக் கதவு. ஏதோ ஒரு பொருட்காட்சியில் குழந்தைகள் ஏறி ஆடும் யானைப் பொம்மைக்கு இருந்தது. அதன் துளையைச் சுற்றி உதடு மாதிரி அகலமாகச் சரிவு கொடுத்திருந்தார்கள், பிஞ்சுக் கை எப்படி வைத்தாலும் காசு வழுக்கி உள்ளே போவதற்கு. பாவாடை அதைத்தான் எடுத்தார். பந்தைத் தூக்கி எறிந்த ஆளிடம் இது யானைப் பொம்மைக் கதவு என்று சாகும்வரை சொல்லக்கூடாது என்று இளமாறனிடம் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லிவைத்தார்.

கதவுக்குப் பின்னால் காசு வாங்க எலெக்ட்ரானிக் பெட்டி வைக்கலாமே என்று அவன் கேட்டான். மாதிரிக் காசு ஒன்றை உள்ளே வைத்துவிட்டால் அதே மாதிரி காசை மட்டும் வாங்கும் பெட்டி. பாவாடை ஒப்பவில்லை. அதற்குக் காசு விறுவிறுவென்று விழ வேண்டும், மெதுவாகப் போனால் துப்பிவிடும். பழைய பெட்டிக்குப் பொறுமை உண்டு, காசின் எடைக்கு மட்டும் கட்டுப்படும்.

வேலை ஒன்பது நாள் நடந்தது. பழைய பெயின்ட்டை மருந்து போட்டு உரித்து, துருவை மணல்தாளில் தேய்த்து எடுத்தார். குழியைப் பின்பக்கத்திலிருந்து மரச்சுத்தியால் தட்டித் தட்டி மேலே கொண்டுவந்தார். இந்த வேலையில் அவசரப்பட்டால் தகடு உப்பிக்கொள்ளும், அப்புறம் ஜென்மத்துக்கும் இறங்காது. திண்டிவனத்துக்கு அனுப்பிச் சொரசொரப்பான கறுப்புப் பூச்சு வாங்கினார். பட்டனுக்குப் பின்னால் எரிந்த குண்டு பல்பை எடுத்துவிட்டு எல்.இ.டி. வைத்தார். பூட்டுக்குப் பெரிய சாவியாகத் தேடிப் போட்டார், பின்னால் அதைத் திருப்பவும் அந்தக் கை பழகலாம் என்று. பலகையில் பழைய ஓட்டையை அடைத்துவிட்டு, உட்கார்ந்த ஆளின் நெஞ்சு உயரத்தில் புது ஓட்டை அறுக்கச் சொன்னார். இந்தத் தடவை தச்சர் கதவை அளந்துவிட்டு அறுத்தார்.

எந்தக் காசு என்பது மட்டும் பாக்கி. ஒரு ரூபாய் சின்னது, மெல்லிசு, மடியில் வைக்கும் கிண்ணத்திலிருந்து கிள்ளி எடுக்க நல்ல விரல்களுக்கே பொறுமை வேண்டும். பத்து ரூபாய்க் காசுதான் பெரியது, பிடிக்க வசதி. காசு நடக்கும் தடத்தை அதன் அளவுக்கு அரத்தால் ராவி, நூறு தடவை போட்டுப் பார்த்துத் திருப்தியானார்.

வெங்கடரமணன் வீட்டுக்குள் பாவாடை போனது அதுதான் முதல் தடவை. மனிதர் பாதியாக இளைத்திருந்தார். பேச்சு குழறினாலும் புரிந்தது. இவரை அடையாளம் தெரிந்ததா இல்லையா என்று கண்ணில் ஒன்றும் தெரியவில்லை. அவர் மனைவி ஜெயம் காபியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். கதவைப் பொருத்தி, ஒயரைக் கொடுத்து, பத்து ரூபாய்க் காசுகள் போட்ட எவர்சில்வர் கிண்ணத்தை வெங்கடரமணன் மடியில் வைத்தார்கள். வெங்கடரமணன் கிண்ணத்துக்குள் பார்த்தார். முகம் சுளித்தது.

"செல்லாது," என்றார்.

கிண்ணத்தை முழங்கையால் தள்ளிவிட்டார். பாவாடை தலையில் அடித்துக்கொள்ளாத குறை. பத்து ரூபாய்க் காசு செல்லாது என்று எந்த பேங்கும் சொல்லவில்லை, எந்த ஆபீசும் சொல்லவில்லை, செஞ்சி கடைத்தெரு சொன்னது. நாலைந்து வருஷம் அந்தக் காசை நீட்டிய ஒவ்வொருவரிடமும் இந்த மனிதர் அதே வார்த்தையைச் சொல்லித்தான் திருப்பி அனுப்பியிருப்பார். செல்லும் நைனா, கவர்மெண்டே சொல்லிட்டாங்க என்று இளமாறன் கெஞ்சிப் பார்த்தான். அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தக் கையை அவ்வளவு படித்த பாவாடை, அது எந்தக் காசை வாங்காது என்பதை மட்டும் மறந்துபோனார்.

கதவைக் கழற்றி எடுத்துக்கொண்டு திரும்பினார். அவருக்குக் கோபம் வெங்கடரமணன்மேல் இல்லை, தன்மேல்தான். சின்னப்பொண்ணு அரிசி டப்பாவைத் துழாவி ஒரு காசை எடுத்து அவர் கையில் வைத்தார். பழைய அஞ்சு ரூபாய், கனமாக, தடிமனாக இருக்குமே, இப்போது அதிகம் கண்ணில் படாத காசு. பத்தைவிடச் சின்னதுதான், ஆனால் தடிமனுக்குப் பிடி கிடைக்கும். எந்தக் கடைக்காரனும் மறுக்காத காசு. அதே மாதிரி இன்னும் பத்து சேர்க்க அஞ்சு நாள் ஆனது. பஸ் ஸ்டாண்ட் டீக்கடை, அனந்தபுரம் சந்தை, காலனியில் நாலு வீடு என்று கேட்டு வாங்கினார். பெரிய காசுக்கு ராவிய தடம் இப்போது உதவாது. பித்தளைத் துண்டு ஒன்றை வெட்டிப் புதுத் தடம் செய்தார்.

இரண்டாவது முறை போனபோது வெங்கடரமணன் கிண்ணத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. வலது கை மடியிலிருந்து கிளம்பியது. கிளம்பியது என்றுதான் சொல்ல வேண்டும், அவ்வளவு மெதுவாக. ஜெயம் வாயைப் பொத்திக்கொண்டார். விரல்கள் கிண்ணத்தில் காசைத் துரத்தின, பிடித்தன, நழுவவிட்டன, காசு தரையில் உருண்டது. குனியப்போன இளமாறனைப் பாவாடை கையமர்த்தினார். இன்னொரு காசு. அதுவும் விழுந்தது. மூன்றாவது காசு விரல்களுக்குள் நின்று, தோளோடு சேர்ந்து மேலே வந்து, துளையின் வாய்வரை போய்விட்டது. போய், அங்கேயே நின்றது. பிடிக்கத் தெரிந்த விரலுக்கு விடத் தெரியவில்லை. கட்டைவிரல் காசை அமுக்கிக்கொண்டு அசையாமல் நின்றது. வெங்கடரமணன் நெற்றியில் வியர்த்தது. கண்ணில் பயம் தெரிந்தது. அந்த முகத்தில் அப்படி ஒன்றைப் பாவாடை பார்த்ததே இல்லை.

உடனே அவர் கதவைக் கழற்றித் தரையில் உட்கார்ந்துவிட்டார். துளையின் கீழ் உதட்டை இன்னும் சரிவாக ராவினால், காசின் முன்பாதி உள்ளே போனதும் அதன் எடையே மீதியை இழுத்துவிடும். விரல் விட வேண்டியதில்லை, பிடி கொஞ்சம் தளர்ந்தால் போதும். அரை மணி நேரம் அரத்தால் தேய்த்தார். இரும்புத்தூள் அவர் வேட்டியிலும் பளபளவென்றிருந்த ஹால் தரையிலும் கொட்டியது. வெங்கடரமணன் நாற்காலியில் உட்கார்ந்தபடி பாவாடையின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்ப மாட்டினார். காசு வாய்க்குப் போனது, நின்றது, சரிந்தது, உள்ளே விழுந்தது. டிவியில் ஆட்டம் தொடங்கியது. ஜெயம் அழுதுவிட்டார். வெங்கடரமணன் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை.

"இன்னொண்ணு," என்றார்.

பணத்தை இளமாறன் அன்றைக்கே போனில் அனுப்பிவிட்டான். பாவாடையும் அத்தோடு மறந்துவிடத்தான் நினைத்தார், முடியவில்லை. நாலு நாளைக்கு ஒருமுறை ஏதாவது சாக்கில் போன் போட்டு, இன்றைக்கு எத்தனை விழுந்தது என்று கேட்டுக்கொள்வார். முதல் வாரம் நாள் முழுக்க நாலு காசு. அப்புறம் ஏழு. ஒன்றரை மாசம் கழித்து இளமாறனே கூப்பிட்டான். பதினோரு காசையும் நைனா ஒரே மூச்சில் போடுகிறார், பெட்டியைச் சாவி போட்டு அவரே திறக்கிறார், திறந்து திறந்து பூட்டு ஆடுகிறது, வந்து பாருங்கள் அண்ணே என்றான்.

போனார். பூட்டின் மரையை இறுக்க ஐந்து நிமிஷம் ஆகவில்லை. கிளம்பும்போது வெங்கடரமணன் இரு என்றார். கிண்ணத்தில் கைவிட்டார். ஒரு காசை எடுத்தார், தடுமாற்றம் இருந்தது, ஆனால் எடுத்துவிட்டார். பணம் நான் அனுப்பிடுறேன் நைனா என்று இளமாறன் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. அவருக்கும் பாவாடைக்கும் நடுவில் ஒரு டீப்பாய் இருந்தது, அதன்மேல் கண்ணாடி. கை கிளம்பி டீப்பாய்க்கு மேலே வந்து நின்றது. ஒரு சாண் உயரம்.

கண்ணாடியில் காசு விழும் சத்தம் அது விழுவதற்கு முன்பே பாவாடையின் காதில் கேட்டது. விழுந்தால் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவது, இந்த வீட்டு வாசலை மிதிப்பதில்லை, அவ்வளவுதான் என்று முடிவே செய்துவிட்டார். இந்தக் கையைச் செய்துகொடுத்ததும் நாம்தான் என்பதும் அந்த நொடியிலேயே மனசில் வந்து போனது.

கை அப்படியே நடுங்கிக்கொண்டு நின்றது.

"கை," என்றார் வெங்கடரமணன்.

தன் கை ஒத்துழைக்கவில்லை என்று சொன்னாரா, உன் கையைக் காட்டு என்று சொன்னாரா, அது பாவாடைக்கு இன்றுவரைக்கும் தெரியாது. அவர் டீப்பாயைச் சுற்றிக்கொண்டு போய் உள்ளங்கையை நீட்டினார். வெங்கடரமணனின் கை அதன்மேல் இறங்கி உட்கார்ந்தது. ஆனால் விரல்கள் திறக்கவில்லை. சரிவு இல்லையே, காசைத் தானாக இழுத்துக்கொள்ள. பாவாடை இன்னொரு கையால் அந்த விரல்களை ஒவ்வொன்றாக, மெதுவாகப் பிரித்தார். அந்தக் கையை அவர் தொட்டதே இல்லை. கதகதப்பாக இருந்தது. சின்னவிரல், மோதிரவிரல், நடுவிரல். காசு அவர் கையில் விழுந்தது.

வெங்கடரமணன் அவரை நிமிர்ந்து பார்த்து, கல்லாவில் உட்கார்ந்து நாற்பது வருஷம் மற்றவர்களிடம் சொன்ன அதே சொல்லைச் சொன்னார்.

"எண்ணிக்கோ."

ஒற்றைக் காசு. பாவாடை அதைத் திருப்பிப் பார்த்தார்.

"சரியா இருக்குது," என்றார்.

அன்று சாயங்காலம் சைக்கிளை நிறுத்தும்போது சின்னப்பொண்ணு வழக்கம்போலத்தான் கேட்டார், கையில் கொடுத்தார்களா, மேலே போட்டார்களா என்று. பாவாடை ஸ்டாண்டைப் போட்டார், கேரியரிலிருந்த பையை எடுத்தார், முகத்தைத் தோள் துண்டால் துடைத்துக்கொண்டார். சின்னப்பொண்ணு சிரிப்பை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்.

"கையில," என்றார் பாவாடை.